திறக்காத வலது கதவு

என் கணவர் சோதிருக்கு இடுப்பு எலும்பு மாற்றிய பதினோராவது நாள், நான் அவரைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

தலைநகர் திரானாவின் மருத்துவமனையிலிருந்து மலைப்பாதையில் நாலு மணி நேரம் ஓட்டி அப்போதுதான் எங்கள் ஊர் கொர்ச்சாவுக்கு வந்திருந்தோம். வாசலில் பனி இறுகிக் கிடந்தது. மாடியிலிருந்த வாக்கரை எடுத்துவர ஓடியவள், பழக்க தோஷத்தில் சாவிப் பொத்தானை அழுத்திவிட்டேன். திரும்பி வந்து மறுபடி அழுத்தியபோது மூன்று கதவுகள் திறந்தன. வலது முன்பக்கம், அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவு மட்டும் அசையவில்லை.

வெளியிலிருந்து பூட்டினால் உள்கைப்பிடியும் வேலை செய்யாது. திருடனுக்காகச் செய்த ஏற்பாடு. அந்தப் பக்கம் சாவித் துளையும் கிடையாது. காலை ரொம்ப மடக்காதே, உடம்பைத் திருப்பாதே என்று டாக்டர் சொல்லியனுப்பிய மனுஷர், கியரைத் தாண்டி என் பக்கம் எப்படி வருவார்?

"அறுபத்தாறு வயசுல என்னைக் கடத்திட்டியேடி," என்று சிரித்தார். உதடு வெளுத்திருந்தது.

கார் நின்றதோ கஸ்மெந்தின் வண்டிக் கொட்டகைக் கதவுக்கு முன்னால். கீழ்வீட்டுக்காரர், லிஃப்ட் பழுது பார்ப்பவர். அந்த இடத்துக்காக இரண்டு வருஷமாகச் சண்டை. போன மாதம் அவரை 'பாதியில நின்னுபோன லிஃப்ட்டு' என்று தெரு கேட்கத் திட்டியிருந்தேன். அதோடு பேச்சு நின்றுபோயிருந்தது.

புது கோட்டு சூட்டில் வெளியே வந்தார்.

"ஒலிம்பி அக்கா! இன்னிக்குமா? தங்கச்சி மகளுக்கு நிச்சயதார்த்தம், நான் வண்டியை எடுக்கணும்!"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் குனிந்து உள்ளே பார்த்தார். கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அழாதீங்க. எஞ்சினை ஓட விடுங்க, அண்ணனுக்கு ஹீட்டர் வரட்டும். மத்த கதவெல்லாம் திறக்குதுன்னா ஃபியூஸ் நல்லா இருக்கு." கதவில் காதை வைத்தார். "இப்ப ஸ்டியரிங் பக்கத்துல இருக்கிற பூட்டுப் பொத்தானை அழுத்துங்க."

அழுத்தினேன்.

"மோட்டார் முனகக்கூட இல்ல. அப்ப கரண்டே வரல. அண்ணே, உங்க கண்ணாடிய இறக்குங்க பாப்போம்."

கண்ணாடியும் இறங்கவில்லை. அதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்ததில் எனக்கு எரிச்சலாக வந்தது.

"நல்லதுதான்கா! பூட்டும் போச்சு, கண்ணாடியும் போச்சுன்னா, ரெண்டுக்கும் போற வயர் ஒரே இடத்துல அறுந்திருக்கு. கீல்கிட்ட ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவைத் திறந்து மூடி, இருபது வருஷமா அதுக்குள்ள மடங்கி மடங்கி அறுந்திருக்கும். நீங்க பூட்டறப்ப கடைசியா ஒருதடவ தொட்டுக்கிட்டிருக்கு, அப்புறம் விட்டுடுச்சு."

"அப்ப ஒட்டுங்களேன்!"

"கதவு திறந்தாத்தானே குழாய் கைக்கு வரும்?"

மறுபடி குனிந்து கீலைப் பார்த்தார். அறுந்த முனைகள் பக்கத்தில் பக்கத்தில்தான் கிடக்கும், கதவைக் குலுக்கினால் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும், அந்தக் கணத்தில் நான் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்றார். பனியில் முழங்காலை ஊன்றிக் கீல் பக்கம் அழுத்தினார். உள்ளேயிருந்து சோதிர் முழங்கையால் தள்ளினார். நான் விடாமல் அழுத்தினேன்.

கீழ்வீட்டு ஜன்னலிலிருந்து கஸ்மெந்தின் மனைவி கத்தினாள்: "மணி நாலரை! மோதிரம் உங்க பையிலதான் இருக்கு!"

"இருக்கில்ல? அப்ப நான் போகாம நிச்சயம் நடக்காது!"

"மெதுவாப்பா," என்றார் சோதிர். "புதுசா மாட்டின இடுப்பையும் கழட்டிடாத."

என் கட்டைவிரல் மரத்துப்போனது. பத்து நிமிஷம் இருக்கும். 'டக்' என்றது.

"அண்ணே, இழுங்க!"

கதவு திறந்தது. சோதிரின் தோளுக்கடியில் கை கொடுத்து, குழந்தையை இறக்குவதுபோல அவரை வாக்கரில் நிறுத்தினார் கஸ்மெந்த். படிப்படியாக மாடிவரை கூடவே வந்தார்.

அதோடு கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன். கருவிப் பையோடு மறுபடி காரிடம் போனார். ரப்பர் குழாயை உருவியதும் இரண்டு வயர்கள் துண்டாகத் தொங்கின, மூன்றாவது ஒற்றை இழையில் நின்றது. கொஞ்சம் நீளமான, வளைந்துகொடுக்கும் வயர் வைத்துப் பற்றவைத்து உறை மாட்டினார். பொத்தானை அழுத்தினேன். பூட்டு ஏறி இறங்கியது. அவருடைய வெள்ளைச் சட்டையின் கை கறுத்திருந்தது.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றேன்.

"எதைக்கா? நிறைய சொல்லியிருக்கீங்களே," என்று கோட்டை வாங்கிக்கொண்டு ஓடினார்.

மூன்றாம் நாள், மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவில் கீரை வைத்து லாக்ரோர் சுட்டு, கஸ்மெந்த் வீட்டுக்கு எடுத்துப்போனேன். சோதிர் நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் படியிறங்கினார். உட்கார்ந்ததும் கஸ்மெந்தின் கையைத் தன் இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டவர் விடவேயில்லை.

"காபி ஆறுது அண்ணே," என்றார் கஸ்மெந்த், தரையைப் பார்த்தபடி.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். ஒன்று சோதிரின் இடுப்புக்கு. இன்னொன்று, மசூதிக்குப் போகிற அந்த மனுஷருக்கு.