இரண்டு பக்கத்துக்கும் எழுதியவர்

மனுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, நகல் எடுக்கும் கடையின் முன்பாதியைப் பிடித்துக்கொண்டு, ஒரு மேசை, ஒரு கணினி, நாலு பக்கத்துக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும் ஒரு பிரிண்டர் ஆகியவற்றோடு இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருப்பவர். வீட்டுக்காரர் காலையில் வந்து, குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்லி ஒரு மனு எழுதி வாங்கிப் போவார். குடியிருப்பவர் மாலையில் வந்து, ஏன் காலி செய்ய முடியாது என்று ஒன்று எழுதி வாங்கிப் போவார். இரண்டையும் படிக்கும் அதிகாரிக்குத்தான் தலை சுற்றும். மனுக்காரருக்கு அதில் ஒரு உறுத்தலும் கிடையாது. மருத்துவர் நல்லவனுக்கு மட்டுமா ஊசி போடுகிறார் என்பார்.

அவருக்கு இரண்டு விதிகள் இருந்தன. எதிராளி என்ன சொல்வான் என்று முதலிலேயே யோசித்து, அவன் வாயைத் திறக்கும் முன்பே பதிலை வைத்துவிட வேண்டும். இது ஒன்று. எதையும் பொத்தாம்பொதுவாகச் சொல்லக் கூடாது, கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு சாமானைக் காட்ட வேண்டும். இது இரண்டு. "வறுமையில் வாடுகிறேன்" என்றால் அதிகாரி கொட்டாவி விடுவார். "என் மகள் அண்ணனுடைய பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு போகிறாள்" என்றால் நிமிர்ந்து உட்காருவார். இந்த வித்தையில் மனுக்காரருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு.

கஞ்சாவைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்று அரசாங்கம் யோசித்த வருடம் அது. ஊர் ஊராகக் கருத்துக் கேட்க ஒரு குழு கிளம்பியது. யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆளுக்கு மூன்று நிமிடம், மணி அடித்ததும் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. மூன்று நிமிடம் பேசத் தெரியாதவர்கள் எல்லாம் மனுக்காரரிடம் வந்தார்கள். அனுமதிக்க வேண்டும் என்று ஆறு பேர், கூடவே கூடாது என்று ஐந்து பேர். சாராயத்தைக் கடை திறந்து விற்கிற கையாலேயே ஒரு செடிக்கு விலங்கு மாட்டுவது என்ன நியாயம் என்று காலையில் எழுதுவார். ஒரு தப்பு ஏற்கெனவே கடையில் விற்கிறது என்பதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு தப்புக்கும் கடை போட்டுக் கொடுப்பதா என்று மத்தியானம் எழுதுவார். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கட்சி, சாப்பாட்டுக்குப் பின்னால் இன்னொரு கட்சி.

செவ்வாய்க்கிழமை அவருடைய தங்கை வந்தாள்.

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள். ஸ்டூலை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, "அண்ணா, நானும் பேசப்போறேன்" என்றாள்.

மனுக்காரர் திகைத்துப் போனார். அவளுடைய மகனுக்கு இருபத்து நாலு வயது. கல்லூரியில் படிக்கும்போது கஞ்சா பழகி, மூன்றாம் வருடத்தில் சுவரோடு சண்டை போட ஆரம்பித்து, இரண்டு தடவை மருத்துவமனையில் இருந்துவிட்டு, இப்போது வீட்டில் ஒரு அறையில் இருக்கிறான். வெளியில் கேட்பவர்களுக்கு, வெளியூரில் வேலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். அவன் தகப்பனோடு பேசுவதில்லை. தாயோடு சண்டை. மாமா போனால் மட்டும் தாழ்ப்பாளைத் திறப்பான், பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் கிரிக்கெட் பார்ப்பார்கள். பிள்ளை இல்லாத மனுக்காரருக்கு வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் உண்மையான லீவு.

"எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமேம்மா?" என்றார்.

"தெரியட்டும். இன்னொரு வீட்டுல இது நடக்கக் கூடாது. நீ எழுது. அழுகை வராத மாதிரி எழுது, எனக்கு மூணு நிமிஷம்தான்."

எழுதினார். வழக்கம்போலக் கேள்விமேல் கேள்வி கேட்டு எழுதினார். "எதிர்க்கட்சிக்காரன் என்ன சொல்லுவான்? அதுக்கு முன்னாடி பையன் நல்லாத்தான் இருந்தானான்னு கேப்பான். நல்லாத்தானே இருந்தான்?"

தங்கை வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். பன்னிரண்டு வயதிலேயே அவன் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து யாரோடோ பேசுவானாம். பிஸ்கட் கொடுத்தால் பாதியைப் பக்கத்தில் வைப்பானாம். கேட்டால், அவனுக்கு என்பானாம். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று விட்டுவிட்டாள். அப்புறம் பயந்து மறைத்துவிட்டாள். கணவனுக்குத் தெரியாது. டாக்டர் கேட்டபோதுகூடச் சொல்லவில்லை.

"உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்ணா. எழுதிடாதே."

"சீ, இதையெல்லாம் எழுதுவனா" என்றார் மனுக்காரர். எழுதவும் இல்லை. அவளுடைய மூன்று நிமிடத்தில் அது இல்லை.

வியாழக்கிழமை சலூன்காரர் வந்தார். அவர் மனைவிக்கு நரம்பு நோய். கால் இரண்டும் தீயில் வைத்ததுபோல் எரியும். எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி, கஞ்சா எண்ணெய் நாலு சொட்டு நாக்குக்கடியில் விட்டால் அடங்குகிறது, இரண்டு வாய் சாப்பிடுகிறாள். அந்தக் குப்பிக்காகச் சலூன்காரர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், முகத்தை மறைத்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. "ஊருக்கே ஷேவ் பண்றவன் சார் நான். எல்லாருக்கும் என் மூஞ்சி தெரியும். திருடன் மாதிரி நிக்கிறேன்" என்றார். மனுக்காரருக்கு மனம் இளகிவிட்டது. இந்த மனிதரை எப்படியாவது ஜெயிக்க வைக்க வேண்டும் என்று உட்கார்ந்தார்.

எதிர்க்கட்சி என்ன சொல்லும்? ஒரு தாய் எழுந்து நின்று, என் மகன் இதனால்தான் கெட்டான் என்பாள். சபையே கலங்கிவிடும். அதற்கு என்ன பதில்?

விரல்கள் தாமாகவே தட்டின. "ஒரு தாய் இங்கே வந்து தன் மகனைப் பற்றிச் சொல்லலாம். அவர் துக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை பன்னிரண்டு வயதிலேயே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இல்லாத ஒருவனுக்குப் பாதி பிஸ்கட்டை எடுத்து வைத்தானா என்று அவரிடம் யாராவது கேட்டீர்களா? ஏற்கெனவே இருந்த நோய்க்கு ஒரு செடியின் மேல் பழி போடாதீர்கள்."

கவனிக்காமல் எழுதிவிட்டார் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சௌகரியம்! அப்படியில்லை. முற்றுப்புள்ளி வைத்ததும் அவருக்கு உறைத்தது. அழிக்கலாம் என்று விரலைக் கொண்டுபோனார். ஆனால் வாக்கியம் நன்றாக வந்திருந்தது. அந்தப் பாதி பிஸ்கட்டை எடுத்துவிட்டால் பத்தி சப்பென்று ஆகிவிடும். யார் பெயரும் இல்லையே, கூட்டம் இரண்டு நாள் நடக்கிறதே, இவர் ஒரு நாள் பேசினால் அவள் ஒரு நாள் பேசுவாள் என்று தனக்குத்தானே ஒரு மனு எழுதி, தானே அதை அனுமதித்தும் கொண்டார். பிரிண்டர்கூட அன்றைக்குச் சண்டித்தனம் செய்யாமல் ஒரே மூச்சில் அடித்துத் தள்ளியது.

கூட்டத்தன்று நகராட்சி மண்டபம் நிரம்பி வழிந்தது. மனுக்காரர் கடைசி வரிசையில் உட்கார்ந்து, தான் எழுதியதை எல்லாம் மற்றவர்கள் வாயால் கேட்டு ரசித்துக்கொண்டிருந்தார். பெயர்களைக் குலுக்கல் முறையில் கூப்பிட்டார்கள். ஒன்பதாவதாகத் தங்கையைக் கூப்பிட்டார்கள். அவள் அழாமல் பேசினாள். "என் பையன் வெளியூர்ல இல்ல, வீட்லதான் இருக்கான்" என்று அவள் சொன்னபோது முன்வரிசையில் இருந்த அவள் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மணி அடிக்கும் முன்பே முடித்துவிட்டாள். யாரும் கைதட்டவில்லை. தட்டத் தோன்றாத அமைதி அது.

பத்தாவதாக, அன்றைக்குக் கடைசியாக, சலூன்காரரைக் கூப்பிட்டார்கள்.

மனுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். ஓடிப்போய்க் காகிதத்தைப் பிடுங்கலாமா என்றுகூட நினைத்தார். நினைத்ததோடு சரி. சலூன்காரர் தன் மனைவியின் கால்களைப் பற்றிப் படித்தார், பேருந்து நிலையத்தைப் பற்றிப் படித்தார். பலர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு, எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துக் குறையாமல் படிக்கும் அந்த நாணயமான மனிதர், "ஒரு தாய் இங்கே வந்து" என்று ஆரம்பித்தார்.

மண்டபமே தங்கை பக்கம் திரும்பியது. தண்ணீர்த் தொட்டி வந்தது. பாதி பிஸ்கட் வந்தது. தங்கை சலூன்காரரைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, வரிசை வரிசையாகத் தேடி, கடைசி வரிசையில் அண்ணனைக் கண்டுபிடித்து, பார்வையை அங்கேயே நிறுத்தினாள். அவளுடைய கணவர் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று உதட்டசைவிலேயே தெரிந்தது. "பிஸ்கட்டா?"

"வேறு யாராவது பேச விரும்புகிறீர்களா?" என்று குழுத்தலைவி கேட்டார்.

மனுக்காரர் எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. இது என் தங்கை என்னிடம் நம்பிச் சொன்ன ரகசியம், இதை விற்றவன் நான், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மூன்று நிமிடம்கூட வேண்டாம். மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். முந்நூறு தலைகள் திரும்பின. இருபத்தாறு வருடமாக ஊருக்கே வாயாக இருந்தவர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

"அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்றார்.

ஃபேனைக் குறைத்தார்கள். அவர் உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. போதாக்குறைக்கு, கூட்டம் கலையும்போது சலூன்காரர் வாசலில் ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "கலக்கிட்டீங்க சார்! அந்த பிஸ்கட் இடத்துல பாத்தீங்களா, சபையே கப்சிப்!" தங்கையும் கணவரும் அப்போது இரண்டடி தூரத்தில் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் தங்கை வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒரு மன்னிப்பைக் கோத்துக்கொண்டே போனார். எப்படிக் கோத்தாலும் நன்றாக வந்தது, அதுதான் அருவருப்பாக இருந்தது.

தங்கை கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழியையும் மறைக்கவில்லை. கண் வீங்கியிருந்தது.

"மன்னிச்சுடும்மா" என்றார். கோத்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"அவர் நேத்துலேர்ந்து ஒரே கேள்விதான் கேக்கறார். பன்னெண்டு வருஷமா ஏன் மறைச்சே, அப்பவே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா புள்ள தப்பிச்சிருப்பானேங்கறார். நான் என்ன பதில் சொல்லட்டும்? நீதான் ரெண்டு பக்கத்துக்கும் நல்லா எழுதுவியே. எனக்கு ஒரு பதில் எழுதிக் குடேன்."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். உண்மையாகவே கேட்பதுபோல்தான் கேட்டாள். சமையலறையில் குக்கர் சத்தம் போட்டது, போய்விட்டாள்.

அறைக்கதவு திறந்தது. தங்கை மகன் நின்றான். குளித்திருந்தான், தலை ஈரமாக இருந்தது. "வாங்க மாமா" என்றான், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொல்வதுபோல. உள்ளே போனதும் ஃபோனை எடுத்துக் காட்டினான். யாரோ கூட்டத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

"ரெண்டும் நீங்க எழுதினதுதானே?"

"ஆமாண்டா."

"அதான் பாத்தவொடனே தெரிஞ்சுது. ராத்திரியிலேர்ந்து மாத்தி மாத்திக் கேக்கறேன்." அவன் கோபமாக இல்லை. பரீட்சையில் ஒரு கணக்கு வராதவன் முகம்போல இருந்தது. "எது மாமா நிஜம்? கஞ்சா அடிச்சதால வந்துதா, முன்னாடியே இருந்துதா? நான் அதைத் தொடாம இருந்திருந்தா நல்லா இருந்திருப்பேனா, இல்ல எப்படியும் இப்படித்தான் ஆகியிருப்பேனா?"

ஃபோனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தான்.

"டாக்டர்கிட்ட எத்தனையோ தடவை கேட்டுட்டேன், உறுதியாச் சொல்ல முடியாதுங்கறாரு. நீங்க ரெண்டு தாள்லயும் அவ்வளவு உறுதியா எழுதியிருக்கீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"தெரியாதுடா" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் யோசிச்சே பாக்கல."

அவன் கத்துவான், வெளியே போ என்பான் என்று காத்திருந்தார். போ என்றால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. தாய் அழும்போது அவள் கையைப் பிடிக்கத் தெரியாத பிள்ளை, மாமாவின் தோளில் கையை வைத்தான்.

"பரவால்ல மாமா. உங்களுக்காவது தெரிஞ்சிருக்கும்னு பாத்தேன், அவ்வளவுதான். உக்காருங்க."

நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துக் கட்டிலில் போட்டு அவருக்கு இடம் பண்ணினான். மனுக்காரர் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார அவருக்குக் கூசியது.