இறங்க முடியாத பாறை

ஷார்ஜாவிலிருந்து விடுமுறையில் வந்த ஜாஃபர் சாதிக்குக்குத் தன் மனைவி சைக்கிள் ஓட்டுவாள் என்பதே புதுச் செய்தி. அவன் ஊரில் இல்லாத காலத்தில் ஹுமைரா கற்றுக்கொண்டது அது. திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பக்கத்து ஊர்ப் பாலர் பள்ளிக்குத் தினமும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். ஜாஃபர் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்தே அவளைச் சீண்டிப் பழகியவன்.

"தெருமுனை வரைக்கும் ஓட்டுவியா?"

"செங்கிப்பட்டிக்குத் தெக்கால ஒரு கரடு இருக்கு மச்சான். அது வரைக்கும் ஓட்டி, மேலயும் ஏறுவேன். நீங்க வர்றீங்களா?"

அவன் ஒரு நொடி தயங்கினான். பிறகு சிரித்துக்கொண்டே சரி என்றான். அடுத்த வாரம் விமானம் ஏற வேண்டியவன்.

வெயில் இல்லாத மூட்டமான சித்திரை நாள். மகளை அத்தையிடம் விட்டுவிட்டு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினார்கள். அவனுக்கு அடுத்த வீட்டுத் துரைக்கண்ணுவின் சைக்கிள். தண்ணீரில்லாத வாய்க்காலை ஒட்டி, உளுந்து பறித்த வயல்களுக்கு நடுவே போனார்கள். பூதலூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் மண் சிவந்தது, வயல் போய் முந்திரி வந்தது. ஹுமைரா முன்னால் மிதித்தாள். எதிர்க்காற்றில் அவன் பின்தங்கி, "மெதுவாப் போடி!" என்று கத்தியபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வேறு ஊராக இருந்தால் அந்தக் கரட்டை மலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மொட்டைப் பாறை, உச்சியில் ஒரு கல் விளக்குத்தூண், அடிவாரத்தில் தகரக் கொட்டகை போட்ட அய்யனார் கோயில். பாதி வரை படிகள் உண்டு. அதற்கு மேல் பாறையில் வெட்டிய கால்குழிகள்தான். பக்கத்தில் இருந்த இரும்புக் கம்பியைப் பல இடங்களில் யாரோ பிடுங்கிப் போயிருந்தார்கள்.

ஜாஃபர் கிடுகிடுவென்று ஏறினான். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. உச்சியில் ஹுமைரா வடக்கே கை நீட்டி, "அதோ, தென்னை வரிசை தெரியுதா? அதுக்குப் பின்னாலதான் ஆறு" என்றாள். அவன் விளக்குத்தூணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பார்க்கவேயில்லை.

மேற்கே வானம் கறுத்து வந்தது. குளிர்ந்த காற்று ஒன்று மண்வாசனையோடு வீசியது.

"மழை வந்தா வழுக்கும். இறங்கிடலாம் மச்சான்."

"நீ முன்னால போ."

நாலைந்து குழிகள் இறங்கித் திரும்பினாள். அவன் அசையவில்லை. விளையாடுகிறான் என்று நினைத்து மறுபடி ஏறிப் பக்கத்தில் போனபோதுதான் முகம் முழுக்க வேர்த்திருப்பதைக் கண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல. என்னால இறங்க முடியாது."

"ஏறத் தெரிஞ்சவருக்கு இறங்க முடியாதா?"

"கால் எங்க இருக்குன்னே தெரியல ஹுமைரா."

தூரத்தில் இடி உருண்டது. கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளையும் காணோம், மேய்த்தவரையும் காணோம். இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். "நான் ஓடிப்போய் யாரையாவது கூட்டிட்டு வரேன்" என்று எழுந்தவளின் மணிக்கட்டை அவன் வலிக்கப் பிடித்தான்.

"விட்டுட்டுப் போகாத."

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு? சொல்லுங்க."

"ரெத்தினம் விழுந்துட்டான்."

ரெத்தினத்தை அவளுக்குத் தெரியும். பேராவூரணிக்காரர், ஷார்ஜாவில் இவனோடு ஒரே அறையில் இருந்தவர். விபத்தில் இறந்துபோனார் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தான். இருவருக்கும் உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை.

"பலகையோட ஒரு முனை அவன் கையில, ஒரு முனை என் கையில. காத்து அடிச்சுது. திரும்பிப் பாக்குறேன், அவன் இல்ல. பலகை மட்டும் என் கையில இருக்கு. மறுநாளும் மேல ஏறச் சொன்னாங்க. ஏறினேன். தினமும் பிஸ்மி சொல்லிட்டு ஏறுவேன், இறங்குறப்போ உயிர் போயிடும்."

"நம்ம மொட்டை மாடிக்குக்கூட ஏறாம இருந்தீங்களே, அதுக்கு இதான் காரணமா?"

அவன் தலையசைத்தான். "இது பாறைதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

முதல் துளிகள் பாறையில் பெரிதாக விழுந்தன. அழவோ கோபப்படவோ நேரமில்லை. ஹுமைரா செருப்பைக் கழற்றிக் கீழே எறிந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள்.

"திரும்பி, பாறையைப் பாத்துப் படுங்க. கீழ பாக்கவே வேணாம். உங்க காலை நான் வைக்கிறேன்."

அவள் கீழே நின்று அவன் கணுக்காலைப் பிடித்து ஒரு குழியில் வைத்தாள். "இங்கதான் கால். அழுத்துங்க. இப்ப அடுத்த கால்." மழை வலுத்தது. கம்பியில்லாத இடத்தில் அவன் கால் வழுக்கி அவள் தோளில் உதைத்தது. இருவரும் சரிந்தார்கள். ஹுமைராவின் முழங்கால் பாறையில் உரசிக்கொண்டே போனது. கம்பி பிடுங்கிய துவாரத்தில் அவள் விரல்கள் மாட்டின; அப்படியே நின்றுவிட்டாள். மூச்சு விடவே பயமாக இருந்தது.

"ஹுமைரா!"

"இருக்கேன். உங்களுக்குக் கீழதான் இருக்கேன். காலைக் குடுங்க."

படிக்கட்டு வந்ததும் அவன் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினான். அய்யனார் கோயில் கொட்டகையில் ஒதுங்கியபோது மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அவளுடைய முழங்கால் ரத்தத்தைப் பார்த்ததும் அவன் உடைந்து அழுதான். அவள் அழவிட்டாள். பிறகுதான் கோபம் வந்தது.

"ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் போன் பண்ணுனீங்க. நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னீங்க. எங்கிட்ட சொல்ல என்ன?"

"புதுசாக் கட்டுற வீடு பாதியில நிக்குது. பயமா இருக்கு, வரேன்னு எப்படிச் சொல்றது?"

"அது அப்படியே நிக்கட்டும். தரையில வேலை குடுத்தா போங்க. இல்லாட்டி வேணாம்."

மறுநாள் கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஷார்ஜா மேஸ்திரியிடம் பேசினான். வெளியே நின்ற ஹுமைராவுக்குக் கண்ணாடி வழியே அவன் முகம் தெரிந்தது. தரையில் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோரில் இடமில்லை, வந்தால் சாரம்தான் என்றார் மேஸ்திரி. ஜாஃபர் ரிசீவரை வைத்துவிட்டு வந்து, "போகல" என்றான். அவன் அத்தா அப்துல் ஜலீல் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், பூதலூர் அரிசி ஆலையில் ஆள் தேடுகிறார்கள் என்று யாரிடமோ சொல்வதுபோலச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவன் ஏற வேண்டிய விமானம் போன அன்று இருவரும் பேராவூரணிக்குப் பஸ் ஏறினார்கள். விடுமுறை முழுக்க அவன் தள்ளிப்போட்ட பயணம். தென்னந்தோப்புக்குள் இருந்த வீட்டில் ரெத்தினத்தின் அம்மா ராமாயி மட்டை முடைந்துகொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் கை நின்றது.

"கூட இருந்தது நீங்களா தம்பி?"

"ஆமாங்கம்மா. நான்தான்."

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார் அவர். "எம்புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."

ஜாஃபர் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தான்.