ஜூலியின் மூக்கு

டொக்டர் துவாரகா பதுளையில் மாட்டு வைத்தியராகத்தான் பெயர் எடுத்திருந்தாள். பசுவின் வயிற்றில் கன்று திரும்பிக் கிடந்தாலும், மடி வீங்கினாலும், ஆட்டுக்கு வயிறு ஊதினாலும் தோட்டங்களிலிருந்து அவளைத்தான் கூப்பிடுவார்கள். குதிரையைப் பற்றிப் படித்ததோடு சரி. அதனால், "மிஸ், குதிரைய குளவி கொட்டிருச்சு, மூஞ்சியே அடையாளம் தெரியல, ஓடி வாங்க" என்று தெமோதரையிலிருந்து லிங்கம் போனில் கத்தியபோது, மருந்துப் பெட்டியை ஜீப்பில் போட்டுக்கொண்டே பழைய பாடங்களை மனசுக்குள் துழாவினாள். உருப்படியாக ஒன்றுதான் அகப்பட்டது. குதிரைக்கு வாயால் மூச்சு விட வராது.

லிங்கம் முன்பு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைத்தவன். எல்ல ஊருக்குச் சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்காகப் பழைய தோட்டத்து பங்களாவைத் திருத்தியபோது, அங்கே குதிரை பார்க்கும் வேலைக்குப் போனான். இருந்தது ஒரே குதிரை. நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த பெட்டை, பெயர் ஜூலி.

துவாரகா போய் இறங்கியபோது ஜூலி யூக்கலிப்டஸ் மரத்தடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. உதடு பலாச்சுளை மாதிரி தடித்திருந்தது. ஒரு கண் மூடிவிட்டது. மூக்குத் துவாரங்கள் இரண்டும் கீறல் போலச் சுருங்கி, ஒவ்வொரு மூச்சுக்கும் விசில் அடித்தன.

"பச்சத்தண்ணி ஊத்தினேன் மிஸ். வேற என்ன செய்யன்னு தெரியல."

"நல்ல வேலை செஞ்சீங்க லிங்கண்ணே. கயிற இறுக்காம புடிச்சுக்கங்க. பேசிக்கிட்டே இருங்க, உங்க குரல் கேட்டா நிக்கும்."

வீக்கம் வற்றுவதற்குக் கழுத்தில் ஊசி போட்டாள். ஆனால் மருந்து வேலை செய்யும் வரைக்கும் மூக்கு காத்திருக்குமா? இருந்ததிலேயே பெரிய சிரிஞ்ச் இரண்டை எடுத்து, முனையைக் கத்தரித்து, வெட்டிய விளிம்பை உரசி மழுக்கி, வாசலின் தடவினாள். லிங்கம் கண்ணை அகல விரித்தான்.

"ஊசிக் குழாய ஏன் மிஸ் வெட்டுறீங்க?"

"மூக்குக்குள்ள வைக்கப் போறேன்."

ஜூலி ஒருமுறை தலையை உதறி லிங்கத்தையும் சேர்த்து இழுத்தது. இரண்டாம் முறை துவாரகா அவசரப்படாமல், கன்னத்தைத் தடவிக்கொண்டே ஒரு குழாயை உள்ளே நுழைத்தாள். மற்றதும் போனது. பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள். விசில் நின்றது. குழாய் வழியாகச் சூடான காற்று அவள் மணிக்கட்டில் வந்து மோதியபோதுதான், தானும் இவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அவளுக்கே தெரிந்தது.

பயம் இறங்கியதும் அவளுக்கு வேறொன்று பிடித்துக்கொண்டது. கொட்டிய தடிப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"தேனீன்னா கொடுக்கு தோல்லயே நிக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. குளவிதான். ஆனா பாருங்க, மூஞ்சியிலயும் முன்னங்கால்லயும் மட்டும்தான் கொட்டியிருக்கு. முதுகு சுத்தமா இருக்கு."

"அதுக்கென்ன மிஸ்?"

"மரத்துல இருந்து வந்திருந்தா முதுகுல விழுந்திருக்கும். இது குனிஞ்சு புல்லு மேயறப்ப கீழ இருந்து வந்திருக்கு. கூடு மண்ணுக்குள்ள இருக்கு."

லிங்கம் புல்வெளியின் மேல்மூலையைக் காட்டினான். பட்டுப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்று அங்கே இருந்தது. "அங்கதான் மேஞ்சுச்சு. ஆனா நேத்தும் அங்கதான். முந்தாநேத்தும் அங்கதான். அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே!"

அந்தக் கேள்வி துவாரகாவுக்கும் பிடித்திருந்தது. தினமும் பக்கத்திலேயே மேய விட்ட குளவி, இன்றைக்கு மட்டும் ஏன் வெறி கொண்டது?

அதற்குள் விஷயம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு எட்டிவிட்டது. கொழுந்து எடுக்கும் நிரஞ்சலா மண்ணெண்ணெய்க் கேனோடு வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள்.

"எங்க இருக்கு கூடு? இப்பவே பத்த வைக்கணும். மத்தியானம் பேர் கூப்பிடுற பெரட்டு முடிஞ்சா நாங்க இந்த வழியாத்தான் மலைக்கு ஏறணும். போன வருசம் எங்க அத்தைய போர்வைல கட்டித் தூக்கிட்டுப் போனோம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

துவாரகா கேனைப் பார்த்தாள். நிரஞ்சலாவின் கை கேனின் காதை இறுக்கியிருந்தது.

"நீங்க சொல்றது சரிதாங்க. விட்டுட்டுப் போக மாட்டேன். ஆனா இப்ப வெயில்ல பத்த வச்சா, வெளிய போன குளவியெல்லாம் திரும்பி வந்து நம்மளத்தான் தேடும். இருட்டுற நேரத்துல, உடம்ப மூடிக்கிட்டுத்தான் செய்யணும். மொதல்ல எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு தூரத்துல இருந்து பாப்போம். பெரட்டு முடிஞ்சு மலைக்குப் போறவங்களுக்கு வேற வழி சொல்லிவிடுங்க."

நிரஞ்சலா மற்றவர்களைக் கங்காணியிடம் அனுப்பினாள். தான் மட்டும் நகரவில்லை.

பங்களாவில் விருந்தாளிகளுக்கு வைத்திருந்த தூரக்கண்ணாடியை லிங்கம் கொண்டுவந்தான். துவாரகா கொட்டகைச் சுவரோடு சாய்ந்து பார்த்தாள். கட்டைக்குக் கீழே குழி. குளவிகள் கறுப்பாக, வயிற்றில் மஞ்சள் பட்டையோடு, புகை மாதிரி சுழன்றன. குழியைச் சுற்றி மண் புதிதாகச் சிதறியிருந்தது. சாம்பல் நிறக் காகிதம் போல் கூட்டின் துண்டுகள் புல்லில் கிடந்தன.

"யாரோ தோண்டியிருக்காங்க!"

"பன்னியா இருக்கும்" என்றான் லிங்கம். சொல்லிவிட்டு அவனே தலையை ஆட்டினான். "இல்ல மிஸ், காலைல நானேதான ஜூலிய கொண்டுபோய் விட்டேன். அப்ப மண்ணு இப்படி இல்ல. பகல்ல பன்னி வராது."

அப்படியானால் எது? மூவரும் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெமோதரைப் பக்கமிருந்து ரயில் கூவிவிட்டுப் போனது. நிரஞ்சலா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், "அய்யோ!" என்றாள்.

தவிட்டு நிறத்தில் ஒரு பெரிய பறவை கட்டைக்குப் பக்கத்தில் இறங்கி, கோழியைப் போல நடந்து குழிக்குப் போனது. காலால் மண்ணைப் பறித்துத் தள்ளியது. குளவிகள் அதன் தலையில் அப்பின. அது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையைக் குழிக்குள் விட்டு, ஒரு தட்டு கூட்டை உருவி எடுத்தது. பிறகு கால் விரல்களால் அதை மிதித்துப் பிடித்து, அறை அறையாக வெள்ளைப் புழுவைக் கொத்தித் தின்றது.

"பருந்தா அது? கோழி மாதிரி கிண்டுதே!" என்றான் லிங்கம்.

"தேன்பருந்து" என்றாள் துவாரகா. படத்தில்தான் பார்த்திருந்தாள். "காலைல இது வந்து கிண்டியிருக்கு. கூடு போன கோவத்துல குளவிங்க இருந்துச்சு. அந்த நேரம் பாத்து ஜூலி மூக்க நீட்டியிருக்கு."

"தின்னது அது, கொட்டு வாங்கினது இதா?" நிரஞ்சலா சிரிக்கப் போய், சிரிக்காமல், கண்ணாடியை மறுபடி வாங்கிக்கொண்டாள். "அத ஏன் கொட்ட முடியல?"

"மூஞ்சியில இறகு செதில் மாதிரி அடர்த்தியா இருக்குமாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

கேன் தரையில் இருந்தது. அதை எப்போது கீழே வைத்தாள் என்று நிரஞ்சலாவுக்கே தெரியாது. "அது வயிறு நிறையட்டும். மிச்சம் இருந்தா நாங்க பாத்துக்கிறோம்" என்றாள்.

அந்த மூலையைச் சுற்றித் தூரத்திலேயே கயிறு கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டார்கள். கங்காணி ஆட்களை வேறு மலைக்கு மாற்றினார். பருந்து மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாள் வரவில்லை, கூட்டில் தின்னப் புழு மிஞ்சியிருக்கவில்லை. மிஞ்சிய கொஞ்சம் குளவிகள் கலைந்து போனபின், ஒரு மாலையில் நிரஞ்சலாவும் லிங்கமும் சாக்கைப் போர்த்திக்கொண்டு போய்க் குழியைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். கேனைத் திறக்கவே இல்லை.

ஜூலியின் குழாய்களைக் கழற்ற துவாரகா ஊசி போட்ட மறுநாளே வந்திருந்தாள். ஒன்று பிளாஸ்டரோடு சுலபமாக வந்தது. மற்றதற்குக் கையை நீட்டுவதற்குள் ஜூலி பலமாகத் தும்மியது. குழாய் பறந்து போய்ப் புல் கூடையில் விழ, துவாரகாவின் முகமெல்லாம் சளி.

"மிஸ்!" என்று பதறிக்கொண்டு லிங்கம் துண்டைத் தேடினான்.

"பரவாயில்ல லிங்கண்ணே" என்று கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் குனிந்து அந்த மூக்குக்குள் பார்த்தாள். இரண்டு துவாரமும் விரிந்து, உள்ளே நல்ல ரோஸ் நிறமாக இருந்தன.