மாங்கனி அன்று என் கணவர் செய்த வைத்தியம்

என் இடது மணிக்கட்டில் இன்றும் தழும்புகள் இருக்கின்றன. ரப்பர் பேண்ட் போட்டவை. பயம் வரும்போது அதை இழுத்துவிட்டால் மூளை திசைமாறிவிடும் என்று என் கணவர் சிவராமன் மொபைலில் மூன்று நாள் வகுப்பு கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் இழுப்பது போதவில்லை என்று பிறகு அவரே இழுத்துவிட ஆரம்பித்தார்.

எனக்குக் கூட்டம் என்றால் பயம். நாலு பேர் நெருக்கி நின்றாலே மூச்சடைக்கும், கை மரத்துப்போகும், யாரையாவது தள்ளிவிட்டு ஓடிவிடுவேன். இரண்டு கல்யாணங்களில் பந்தியிலிருந்தே எழுந்து ஓடியிருக்கிறேன். மாமியார் வீட்டில் அதற்குப் பெயர் திமிர். டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். பைத்தியம் என்று ஊர் பேசும் என்று சிவராமன் மறுத்துவிட்டார். புருவத்தில் இரண்டு விரலால் தட்டச் சொன்னார், தட்டினேன். ஐஸ்கட்டியை உருகும்வரை உள்ளங்கையில் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன். தட்டுவதில் கொஞ்சம் பலன்கூட இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அவருக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் மார்க்கெட்டில் நான் திரும்பி ஓடியபோது பிடித்து நிறுத்திக் கன்னத்தில் ஒன்று விட்டார். அதிர்ச்சி கொடுத்தால் பயம் அறுந்துபோகுமாம். இரண்டு நாள் காது இரைந்தது.

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்தது. பிச்சாண்டவராகச் சிவன் வீதியுலா வரும்போது காரைக்காலில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் இறைப்பார்கள். பிள்ளையில்லாதவர்கள் அதை முந்தானையில் ஏந்திச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம்.

"ஒரே நாள்ல ரெண்டும் முடிஞ்சிடும், உமா. நடுக்கூட்டத்துல நின்னு பழம் புடிக்கிற. இந்தத் தடவையும் ஓடுனீன்னா, அப்படியே நெடுங்காட்டுக்கு ஒங்கம்மா வீட்டுக்குப் போயிடு. நான் வேற ஏற்பாடு பாத்துக்கிறேன்" என்றார்.

எப்படியாவது அவர் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்றுதான் அன்று நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனாலும் நினைத்தேன்.

பாரதியார் வீதியில் காலையிலேயே நிற்க இடமில்லை. சப்பரம் நெருங்கியதும் மாடிகளிலிருந்து பழம் கொட்டியது. எல்லாக் கைகளும் மேலே எழுந்தன. நான் ஓட வழி பார்த்தேன். புருவத்தைத் தட்டலாம் என்றால் கை வரவில்லை. சிவராமன் பின்னாலிருந்து என் இரண்டு கைகளையும் முறுக்கிப் பிடித்திருந்தார்.

"கைய விடுங்க. பழத்த எப்படிப் புடிக்கிறது."

"பழம் அப்பறம். மொதல்ல பயம் போவட்டும். அஞ்சு நிமிஷம் நில்லு."

"மூச்சு முட்டுதுங்க."

"முட்டட்டும். முட்டித்தான் அடங்கும்."

சரியாகக் கனியாத பழம் ஒன்று என் நெற்றியில் விழுந்தது. கண் இருட்டியது. அவர் இன்னும் முறுக்கினார், வலது தோளில் ஏதோ மளுக்கென்றது. அப்புறம் நான் யோசிக்கவில்லை. தலையைப் பின்னால் வேகமாக வீசி அவர் முகத்தில் மோதினேன். மூக்கு உடைந்த சத்தம் என் மண்டைக்குள் கேட்டது. பிடி தளர்ந்ததும் திரும்பினேன். அறைய வந்த கையைக் கடித்தேன், ரத்தம் உப்புக்கரிக்கும்வரை விடவில்லை. பிறகு நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். நசுங்கிக் கிடந்த பழத்தில் கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். அந்நேரம் பார்த்து அடுத்த கூடை கொட்டியது. பழம் பொறுக்கக் குனிந்தவர்கள் அவர்மேல் விழுந்தார்கள், அவர்கள்மேல் இன்னும் சிலர். கீழே ஆள் கிடப்பது யாருக்கும் தெரியவில்லை. ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது, விரல்கள் தரையைப் பிராண்டின.

எனக்கு வலப்பக்கம் ஒரு சந்து இருந்தது. நாலு எட்டு வைத்தால் வெளியே. சாகட்டும் என்று ஒரு நொடி நிஜமாகவே நினைத்தேன்.

பிறகு கத்திக்கொண்டே உள்ளே புகுந்தேன். கையில் அகப்பட்ட தலைமுடி, காலர் எல்லாவற்றையும் பிடித்து இழுத்தேன். யாரோ விலாவில் இடித்தார்கள், நானும் இடித்தேன். உடம்பு உதறி, புடவையிலேயே சிறுநீர் போய்விட்டது. அவர் சட்டையைப் பிடித்துச் சந்துக்குள் இழுத்துப் போட்டேன்.

சுவரில் சாய்ந்து இருமினார். வாயெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தியா. நடுக்கூட்டத்துக்குள்ள தானா போன. பயம் போயிடுச்சு. நான் சொன்னேன்ல."

அவரைக் கடித்தபோதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரவில்லை. பல் கிட்டி, கால் நிற்காமல் அவர் கண்ணெதிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறேன், அது அவருக்குத் தெரியவில்லை. நல்ல கையை ஓங்கி ஓர் அறை விட்டேன்.

"போவலங்க. ஒங்கள இழுக்கறப்ப செத்துடுவேன்னு நெனச்சேன்."

"அப்பறம் ஏன் வந்த."

"ஒரு ஆளு செத்துடக் கூடாதுன்னு வந்தேன். ஒங்களோட இருக்கறதுக்கு வரல."

ஆம்புலன்ஸ் நின்ற இடத்தில் அவரை ஒப்படைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். நெடுங்காட்டு பஸ்ஸில் படிவரை ஆள். மூன்று பஸ்களை விட்டுவிட்டேன். நாலாவதும் அப்படியேதான் வந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு நெடுங்காடுவரை நடந்தே போனேன்.