ஏழாம் வசனம்

“எட்டு வயசுப் பொண்ணுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியலை, இதுக்குப் பேரு படிப்பா—”

“அண்ணி, ஒரு நிமிஷம் நான் சொல்றதை—”

“முப்பத்தோரு வருஷமா டீச்சர் வேலை பார்க்கிறவ நான். எனக்கே காது குத்தப் பார்க்கிறியா?”

“நான் எங்கே இல்லைன்னேன்? நீங்க சொல்றது சரி. அவளுக்கு வாசிக்கத் தெரியலை.”

தம்பி மனைவி இப்படிச் சொன்னதும் டீச்சரக்கா நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். மறுத்துப் பேசினால் மல்லுக்கு நிற்கலாம். இப்படி ஒரேயடியாக ஒத்துக்கொள்கிறவளை என்ன செய்வது?

தம்பி வீட்டில் ஏழு பிள்ளைகள். ஒன்றுகூடப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எழுத்து, கணக்கு எல்லாம் தம்பி மனைவியே சொல்லிக்கொடுப்பாள். சமையலறையை ஒட்டிய நீள மேஜைதான் வகுப்பு. அதற்கு ஒரு கால் குட்டை. யார் முழங்கையை ஊன்றினாலும் ஆடும்.

காலையில் முதல் வேலை பைபிள். அம்மாவுக்கு முதல் வசனம், பிறகு பெரியவன், அப்படியே வயது வரிசையில் ஆளுக்கொன்று. ஐந்தாவதாகப் பிறந்த குருவிக்கு எப்போதும் ஆறாம் வசனம். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா, மறுநாளைய அதிகாரத்தை முந்தின சாயங்காலமே சத்தமாக வாசித்துக் காட்டுவது அந்த வீட்டு வழக்கம். குருவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். தன் பங்கை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, காலையில் வரியின் மேல் விரலை ஓட்டியபடி தண்ணீர் பட்ட பாடாகச் சொல்லிவிடுவாள். இரண்டு வருஷமாக இதே கதை.

இன்று காலை, விடுமுறைக்கு வந்த டீச்சரக்கா அம்மாவுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார். வரிசை ஒன்று நகர்ந்தது. குருவிக்கு வந்தது ஏழாம் வசனம். அவளோ, சின்னண்ணன் அப்போதுதான் வாசித்து முடித்த ஆறாம் வசனத்தையே கடகடவென்று ஒப்பித்தாள். வேறு எதுவும் அவளிடம் கைவசம் இல்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரக்கா சிரிக்கவில்லை. செய்தித்தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தார். குருவிக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. நாற்காலியிலிருந்து நழுவி மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே ஆரம்பித்ததுதான் சண்டை.

டீச்சரக்கா கைப்பையிலிருந்து ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்தார். “எங்க ஸ்கூல்ல சேர்க்கிற பாரம். எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டுவந்தேன். பெத்தவங்க கையெழுத்துப் போட்டாப் போதும். என் வீட்டுல தங்கிப் படிக்கட்டும்.”

தம்பி மனைவியின் முகம் வெளுத்தது. மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“உங்க லீவு இன்னும் மூணு வாரம் இருக்கில்ல அண்ணி? நீங்க கிளம்புற அன்னைக்கு, அவ காதால கேட்டிராத பக்கமாப் பார்த்து நீங்களே எடுங்க. ஒரு வசனம் வாசிக்கலைன்னா நானே அவ பெட்டியை அடுக்கித் தர்றேன்.”

“மூணு வாரத்துல மந்திரமா போடப்போறே?”

“ஜெபம் பண்ணுவேன். அப்புறம் உழைப்பேன். நீங்களும் பக்கத்துல இருக்கீங்களே.”

சொல்லிவிட்டுக் குனிந்து மேஜைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். அடியிலிருந்து பேச்சு மட்டும் கேட்டது.

“குருவி, அம்மா உங்கிட்ட மன்னிப்புக் கேட்கணும்.”

“நான்தானேம்மா ஏமாத்தினேன்?”

“நீ ஏமாத்தினது தப்பு. ரெண்டு வருஷமா நான் கவனிக்காதது அதைவிடப் பெரிய தப்பு. யார் முதல்ல கேட்கிறது?”

“நீங்கதான் பெரியவங்க.”

மேஜை குலுங்கியது. அழுகிறார்களா சிரிக்கிறார்களா, தெரியவில்லை. முப்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ பிள்ளைகளை மன்னிப்புக் கேட்க வைத்திருக்கிறார் டீச்சரக்கா. ஒரு பிள்ளையிடமும் தாம் கேட்டதில்லை.

அன்று மத்தியானமே தம்பி மனைவி துணி கிளிப்புகளை எல்லாம் அள்ளிப்போட்டு ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதினாள். ஏழு பிள்ளைகளின் துணி தினமும் கொடிக்கு வரும். ‘சட்டை’க்கு மூன்று கிளிப், ‘பாவாடை’க்கு மூன்று. குருவி எழுத்தைத் தேடி எடுத்து, வரிசையாக மாட்டி, வாய்விட்டுச் சொன்னால்தான் துணி தொங்கும்.

“இப்படியே போனா சாயங்காலம் வரைக்கும் ஈரத்துணியோட நிக்க வேண்டியதுதான்” என்றார் டீச்சரக்கா.

“நிப்போம் அண்ணி. துணி எங்கேயும் ஓடிப்போகாது.”

இடுப்பில் கடைக்குட்டி, அடுப்பில் உலை, பெரியவனின் கணக்கு நோட்டில் ஒரு கண். ஆனாலும் குருவி ஓர் எழுத்தில் சிக்கி நின்றால் அவளுக்கு மட்டும் அவசரமே வராது. யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது சட்டம். “அவசரமில்லை. காத்திருக்கோம்” என்பாள். வீடே வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கும். நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ஒரு பிள்ளை திணறினால் “அடுத்தது யாரு?” என்று தாண்டிப்போனதெல்லாம் டீச்சரக்காவுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

நாலாம் நாள் தம்பி மனைவி வந்து நின்றாள். “எழுத்து தெரியுது, சேர்க்க வரலை. நான் எங்கே கோட்டை விடுறேன், பார்த்துச் சொல்லுங்க அண்ணி.”

“நீ முழுசா மாட்டவிட்டுச் சொல்லச் சொல்றே. ரெண்டு ரெண்டா மாட்டச் சொல்லு” என்றவர், அதற்குள் கிளிப் கூடையைத் தம் கையில் வாங்கியிருந்தார்.

கிளம்புகிற நாள் வந்தது. ஒருவேளை வாசிக்க வராவிட்டால் என்று குருவியின் பெட்டியும் முன்கூட்டியே அடுக்கி வாசலில் இருந்தது. வசனத்தை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாதபடி இப்போதெல்லாம் குவளையில் சீட்டு எடுத்துத்தான் முறை. டீச்சரக்கா பைபிளை நடுவில் எங்கோ பிரித்து வைத்தார். அம்மாவும் பெரியவனும் வாசித்தார்கள். மூன்றாவது சீட்டு குருவிக்கு. அடுத்தது அத்தைக்கு.

குருவி ஆரம்பித்தாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. பாதியில் ஒரு நீளமான சொல். நின்றுவிட்டாள். பெரியவன் பல்லைக் கடித்தான். டீச்சரக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார். தம்பி மனைவியின் பார்வை ஒரே ஒரு தடவை வாசலில் இருந்த பெட்டிக்குப் போய் வந்தது.

“அவசரமில்லை” என்றாள். “காத்திருக்கோம்.”

குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. குருவியின் விரல்கள் கிளிப்பைப் பிடிப்பதுபோலக் காற்றில் கிள்ளின. இரண்டு, இன்னும் இரண்டு, கடைசியில் ஒன்று. சொல் வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மீதி வரியும் முற்றுப்புள்ளி வரைக்கும் வந்து சேர்ந்தது.

 எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். அவர் பள்ளிக்கூடப் பாரத்தை எடுத்தார். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். குனிந்து மேஜையின் குட்டைக் காலுக்கு அடியில் செருகினார். பெரியவன் முழங்கையை ஊன்றிப் பார்த்தான். ஆடவில்லை.

நிமிர்ந்து, தம் முறைக்கு வாசிக்கப் பைபிளைப் பார்த்த டீச்சரக்காவுக்குக் கண்ணாடி முழுக்க ஈரம். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று மிதந்தன. வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

குருவி அவர் கைமேல் தன் கையை வைத்தாள்.

“அவசரமில்லை அத்தை. காத்திருக்கோம்.”