நெம்புகோல் கட்டம்

அந்த விளையாட்டை நானும் அண்ணனும் ஒரே கருவியில்தான் ஆடுவோம். உள்ளங்கையில் அடங்கும் வீடியோ கேம் கருவி. ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்க வேண்டும். திரை முழுக்கச் சதுரக் கட்டங்கள். படையில் பாதிப் பேர் அவனுடையவர்கள், மீதி என்னுடையவர்கள். தன் ஆட்களை நகர்த்திவிட்டு என்னிடம் நீட்டுவான். செத்தவர் செத்தவர்தான், திரும்பி வரமாட்டார். பிழைத்தவர்களை மட்டும் அடுத்த பாகத்துக்குக் கூட்டிப் போகலாம். அப்படித்தான் என் வைத்தியக்காரியை முதல் பாகத்திலிருந்து மூன்றாவது வரை கொண்டுவந்திருந்தேன். அடுத்தவர் ஆளைத் தொடக்கூடாது. எங்களுக்குள் அது ஒன்றுதான் சட்டம்.

அன்று மத்தியானம் கடைசிக் கோட்டைக்கு வந்திருந்தோம். கூடத்தில் அண்ணனின் பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. வேறு ஊரில் புது வேலை. சனிக்கிழமை அப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளம்புவதாகப் பேச்சு. திங்கட்கிழமை நான் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது ஒருமுறை தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை அவகாசம் தரமாட்டார்கள்.

"புரொபசரம்மா, சீக்கிரம் நகர்த்துங்க. எனக்குத் தாடி நரைச்சிடும்."

"உனக்குத் தாடியே ஒழுங்கா வரல. அப்புறம் எங்க நரைக்கிறது?"

உள்ளே அப்பா முனகினார். கருவியை அவனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை அண்டக்கொடுத்து, சிவந்திருந்த இடுப்பில் களிம்பு தடவினேன்.

திரும்பி வந்தபோது எங்கள் படை முழுக்கக் கோட்டைக்குள் இருந்தது. வைத்தியக்காரி மட்டும் வெளியே, நெம்புகோல் கட்டத்தில் நின்றாள். அதில் ஆள் நிற்கும்வரைதான் கதவு திறந்திருக்கும். அவளைச் சுற்றி எதிரிகள்.

"என் ஆளை ஏன் தொட்ட?"

"யாராவது ஒருத்தர் அங்க நிக்கணும்ல? அவ சண்டைக்கு ஆகமாட்டா. நீ இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்ப."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா யோசிப்ப. யோசிச்சுக்கிட்டே இருப்ப."

எதிரிகளின் முறை வந்தது. இரண்டாவது அடியிலேயே விழுந்தாள். கதவு மூடிக்கொண்டது.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. ஒரு பொம்மை செத்ததற்கு அவன் கிண்டல் அல்லவா செய்திருக்க வேண்டும்.

"சனிக்கிழமைக்கு வண்டி சொல்லிட்டியா? அப்பா படுத்துக்கிட்டே வர்ற மாதிரி?"

பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"அண்ணா."

"உங்கண்ணி மாசமா இருக்கா. அங்க பார்த்திருக்கிற மாடி வீட்டுல லிப்ட் வேற இல்ல. அப்பாவை எப்படித் தூக்கிட்டுப் போறது, நீயே சொல்லு."

"அப்போ திங்கட்கிழமை?"

"நானே உங்க டிபார்ட்மென்ட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன், நீ வரலைன்னு. உனக்கு இதெல்லாம் பேச வராது. வாயைத் திறக்கவே உனக்கு நல்ல நேரம் பார்க்கணும்."

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். சொல்ல வேண்டியதை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டு எண்ணை அழுத்தினேன். துறை அலுவலக எழுத்தர் எடுத்தார். பெயரைச் சொன்னேன்.

"நேத்தே உங்கண்ணன் சொல்லிட்டாரேம்மா. காத்திருப்புல இருந்த பொண்ணைக் கூப்பிட்டோம். காலையிலேயே வந்து சேர்ந்துட்டாங்க."

"நான் சொல்லலைங்க. நான் வரேங்க."

"இடம் இல்லியேம்மா." பிறகு ஆறுதலாக, "அவரு ரொம்பத் தன்மையாப் பேசினாரும்மா. எல்லாருக்கும் இப்படி ஒரு அண்ணன் அமையாது," என்றார்.

கூடத்துக்கு வந்தேன்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டான்.

"நீ ரொம்பத் தன்மையாப் பேசினியாம்."

"பின்னே?" என்றான். அவன் முகம் தெளிந்துவிட்டது.