ஏழு கிலோ, அதற்கு மேல் இல்லை

என் வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். அடுத்தவர் ஓட்டும்போது பிரேக்கில் கால் வைத்தே பழகியவர். நான் மலையேறப் போகிறேன் என்றதும் அந்தக் கால் தானாக அழுந்திவிட்டது.

"அம்பது வயசுல எதுக்கு இந்த வீண் வேலை? சரி, பையைத் தூக்கிட்டு மொட்டை மாடி வரைக்கும் ஏறு. நடுவுல ஒரு தடவை கீழ வெச்சாலும் மலை கிடையாது."

"சரி," என்றேன். வீம்பு எனக்கும் உண்டு.

சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துத்தான் சேர்த்திருந்தேன். கூடாரத்துக்கு இரும்புக் கம்பி வேண்டாம், அலுமினியம் போதும். ஜீன்ஸ் நனைந்தால் லேசில் காயாது, நைலான் பேன்ட் எடுத்துக்கொண்டேன். டூத்பிரஷின் கைப்பிடியைக்கூடப் பாதியாக வெட்டினேன். எல்லாம் சேர்த்து ஏழு கிலோ.

கூடாரத்தைத் தடவிப் பார்த்து, "இது என்ன, கொசுவலையா? ஒரு காத்துக்குத் தாங்குமா?" என்றார்.

கிழிந்தால் ஒட்டுவதற்கென்று கூடாரத்தோடு வந்த அதே துணியின் துண்டை நீட்டினேன். "கிழிச்சுப் பாருங்க."

இழுத்தார். காலில் மிதித்துக்கொண்டு இழுத்தார். பல்லால் கடித்தார். பல்தான் கூசியது.

ஞாயிற்றுக்கிழமை அவரே பையைத் தூக்கி என் தோளில் மாட்டிவிட்டார். அந்த அக்கறையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். முதல் படியிலேயே தெரிந்துவிட்டது, இது என் ஏழு கிலோ இல்லை. முதுகில் ஏதோ இடித்தது. இறக்கிப் பார்த்தால் தோற்றுவிடுவேன். ஏறினேன்.

இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கியது. பின்னாலேயே வந்தவர், "முடியலேன்னா வெச்சிடு. யாரு என்ன சொல்லப் போறாங்க?" என்றார். அந்தக் கனிவுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. கைப்பிடியைத் தொடாமலே மிச்சப் படிகளை ஏறினேன்.

மொட்டை மாடியில் பையை இறக்கித் திறந்தேன். ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுருட்டி வைத்திருந்தது எங்கள் இஸ்திரிப் பெட்டி. பழைய காலத்துக் கனத்த பெட்டி. இத்தனை வருடமாக அவர் சட்டைகளை நான் அதில்தான் தேய்க்கிறேன்.

அவருக்கு முகம் செத்துவிட்டது. "பாதியில வெச்சிடுவேன்னு நெனச்சேன். அங்க உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் என்ன பண்றது?"

"அந்த பயத்தைச் சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருக்கலாம். அதை ஏன் என் முதுகுல ஏத்துனீங்க?"

பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"நான் வர்ற வரைக்கும் உங்க சட்டையை நீங்களே தேச்சுக்குங்க."

என் ஏழு கிலோவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். பின்னால் அவர். இரண்டாம் மாடியில் டங்கென்று சத்தம். பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"நடுவுல கீழ வெச்சிட்டீங்க," என்றேன், நிற்காமல்.